அழைத்தது பேஸ்புக், ஆண்டது யார்?

எகிப்து நாட்டிலே முபாரக் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆண்டார். 2010இல் காலித் சயீத் எனும் இளைஞன் போலீசாரால் அடித்துக் கொல்லப்பட்டான். அவன் பெயரால் பேஸ்புக்கிலே எழுந்தது ஒரு பக்கம். அது விடுத்த அழைப்பிலே 2011 ஜனவரி 25 அன்று தெருக்கள் நிரம்பின. ஆள்வோர் இணையத்தைத் துண்டித்தனர். அடங்கினரா மக்கள்? இல்லை! தஹ்ரீர் சதுக்கத்திலே கூட்டம் பெருகிற்று. பிப்ரவரி 11இல் வீழ்ந்தார் முபாரக்.

களித்தோம் நாம். பிறகு? சதுக்கத்து இளைஞரிடம் ஆர்வம் இருந்தது. ஊர்தோறும் கிளை இல்லை. கிளை வைத்திருந்த முஸ்லிம் சகோதரத்துவம் 2012 தேர்தலிலே வென்றது. துப்பாக்கி வைத்திருந்த இராணுவம் 2013இல் அதனைக் கவிழ்த்தது. தடுத்திட இளைஞரிடம் கட்சி ஏது?

தோழர்களே! அலைபேசி கூட்டத்தைத் திரட்டும். குடியாட்சியைக் காத்திடத் தெருதோறும் தொண்டன் வேண்டும். கிளைகளை வளர்ப்போம், வாரீர்!