உள்ளங்கால் மருவும் உறையவைக்கும் வைத்தியமும்

உள்ளங்காலில் வரும் மருவைப் பலர் காலாணி என்றே எண்ணிச் செதுக்கிக்கொள்கிறார்கள். காலாணி அழுத்தத்தால் வருவது. மருவோ வைரசால் வருவது. பிளேட்டால் செதுக்குவது அதைப் பரப்பும் வேலை.

திரவ நைதரசனால் உறையவைத்தால்தான் மரு போகும் என்ற நம்பிக்கை நம்மவரிடம் வலுவாக உண்டு. வலி மிகுந்தால் பலனும் மிகும் என்ற எண்ணம் போலும். பிரித்தானியாவில் 240 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒரு சாரார் மருத்துவ நிலையத்தில் உறையவைத்துக்கொண்டார்கள். மறுசாரார் 50 வீத சலிசிலிக் அமிலத்தை வீட்டிலேயே நாள்தோறும் பூசினார்கள். 12 வாரங்களின் பின் மரு முற்றாக மறைந்தவர்கள் இரு பக்கத்திலும் ஏறத்தாழ 14 வீதம்தான்! செலவு மட்டும் உறையவைப்பதற்கே அதிகம். ஒட்டுநாடா வைத்தியமும் 2002இல் பெரிதாகப் பேசப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதற்குக் கைகொடுக்கவில்லை.

ஆகவே, தனியார் மருத்துவமனைக்குப் பணம் கட்டுமுன் அமிலத்தையும் பொறுமையையும் முயல்வதே அறிவு என்பேன். சிறுவர்களுக்கு அது பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும்.

நீரிழிவுக்காரருக்கு இது பொருந்தாது. உணர்ச்சி குன்றிய பாதத்தில் அமிலம் புண்ணாக்கினால் தெரியவே தெரியாது; ஆறாத புண் காலை அகற்றும் நிலைக்கும் கொண்டுபோகும். அவர்கள் மருந்துக்கடைக்குப் போகாமல் நேரே வைத்தியரிடம் காலைக் காட்டவேண்டும்.