சாம்பலையும் நொறுக்கினர்

கெனியா நாட்டில் வெள்ளையர் 1915-ஆம் ஆண்டு ஒரு நிலச்சட்டம் இயற்றினர். குடியேறிய வெள்ளையனுக்கு நிலம் 999 ஆண்டுக் குத்தகைக்கு! வழிவழியாக அம்மண்ணை உழுது உண்ட கிக்குயூ மக்களோ, அரசு விரும்புமளவும் இருக்கத்தக்க வெறும் ஒட்டுக்குடிகள் என்று 1921-இல் அந்நாட்டு உயர்முறைமன்றம் தீர்ப்புரைத்தது. கொள்ளையைக் கொள்ளையென்று எழுதும் வழக்கம் எந்த ஆள்வோனிடத்தும் இல்லை. சட்டம் என்றே எழுதுவான்.

அம்மண்ணை மீட்க எழுந்ததே மாவ் மாவ் கிளர்ச்சி. 1952 அக்தோபரில் அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலை 1960 வரை நீடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தூக்கிலேற்றப்பட்டனர். தடுப்புப் பாளையங்களில் அடைபட்டோர்க்கு நாள்தோறும் அடி. 1957-இல் அவ்வரசின் தலைமை வழக்குரைஞர் எரிக் கிரிபித்து சோன்சு ஆளுநருக்கு எழுதிய மடலில், அடி எவ்வெவ்வுறுப்புகளில் படலாகாது என்று வரையறுத்தார். தீவினை செய்வதாயின் ஓசையின்றிச் செய்யவேண்டும் என்றும் அறிவுரைத்தார். கற்ற சட்டம் பயன்பட்ட வகையைப் பாருங்கள்! 1959 மார்ச்சு 3-இல் ஓலா என்னும் பாளையத்தில் பதினொருவர் அடித்தே கொல்லப்பட்டனர். குடித்த நீரால் இறந்தனர் என்றது அரசின் முதல் அறிக்கை.

கெனியா 1963 திசம்பர் 12-இல் விடுதலை பெற்றது. அதற்கு முன்பே, 1961-இல், இலண்டனிலிருந்து ஆணை வந்துவிட்டது: ஆட்சிக்கு இழுக்குத் தரும் ஏடு எதுவும் புதிய அரசின் கைக்குப் போகலாகாது! எரிக்கவேண்டும், சாம்பலையும் நொறுக்கவேண்டும், அல்லது பெட்டியிலிட்டு எடைகட்டி ஆழ்கடலில் அமிழ்த்தவேண்டும். அழித்ததற்கும் ஒரு சான்று எழுதினர். வெள்ளையனின் அலுவலக ஒழுங்கு அத்தகையது! எரிக்காதவற்றுள் பலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றனர். 1967-இலேயே கெனியா அவற்றைத் திருப்பிக் கேட்டது, கிடைக்கவில்லை.

2009-இல் கெனிய முதியோர் ஐவர் இலண்டன் உயர்முறைமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கின் நெருக்கத்தால்தான், ஆன்சுலோப்புப் பூங்கா என்னும் அரசுக் காப்பிடத்தில் 37 நாடுகளின் ஏறத்தாழ 8,800 கோப்புகள் மறைத்துவைக்கப்பட்டிருந்தமை 2011-இல் வெளியாயிற்று. அடிபட்டவர்க்கு அடித்தவன் எழுத்தே சான்றாய் வந்தது. 2013 சூன் 6-இல் பிரித்தானிய அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காக, வழக்குச் செலவு உள்ளிட்டு 1 கோடியே 99 இலக்கம் பவுன் தர இசைந்தது. சட்டப் பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை.

அக்கோப்புகளோ 2012 முதல் இலண்டன் கியூவிலுள்ள ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன, நைரோபிக்கு அல்ல. தன் பாட்டன் ஏன் அடைபட்டான் என்றறிய விரும்பிய கிக்குயூ இளைஞன், கடல்கடந்து போய், அடைத்தவன் வாயிலில் நின்று ஏடு கேட்குமாறு ஆயிற்று.