புளியமரமும் பன்கர்வாடியும்

புனேயில் நம்மவர்கள் நாலு குடும்பம் ஒன்றுகூடினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஊர்க்கதையில்தான் வந்து நிற்கும். திருநெல்வேலிக்காரருக்கு வாய்க்கால் போய்விட்டது. கோயமுத்தூர்க்காரருக்குக் குளிர் போய்விட்டது. தஞ்சாவூர்க்காரருக்கு வீட்டுக் கொல்லையே போய்விட்டது. எல்லாரும் புலம்பி முடித்ததும் ஒருவர், "காலம் மாறிப்போச்சு, என்ன பண்றது" என்பார். அதற்குள் காபி வந்துவிடும், பேச்சு பிள்ளைகளின் பரீட்சைக்குப் போய்விடும்.

இந்தக் "காலம் மாறிப்போச்சு" என்ற வார்த்தையோடுதான் எனக்குத் தகராறு. ஊர் மாறுவதைப் பற்றி இரண்டு நாவல்கள் சொல்வதை வைத்து அந்தத் தகராறை இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஒன்று நமக்கெல்லாம் தெரிந்த சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966). இன்னொன்று வெங்கடேஷ் மாட்கூள்கர் மராத்தியில் எழுதிய 'பன்கர்வாடி' (1955). தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. 1995-ல் அமோல் பாலேகர் இதைப் படமாகவும் எடுத்தார். மராத்திக்கார நண்பர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

முதலில் புளியமரம். நாகர்கோவில் பக்கத்து ஊர் ஒன்று, அதன் ஜங்ஷனில் ஒரு புளியமரம். ஒரு காலத்தில் அதைச் சுற்றிக் குளம் இருந்தது. ராஜா அந்தப் பக்கம் வந்தபோது நாற்றம் தாங்கவில்லை என்று குளத்தைத் தூர்த்துவிட்டார்கள். இந்தப் பழங்கதையை எல்லாம் இளவட்டங்களுக்குச் சொல்பவர் தாமோதர ஆசான். பிறகு சுதந்திரம் வருகிறது. காற்றாடி மரத்தோப்பை வெட்டிவிட்டு அதே இடத்தில் பூங்கா போடுகிறார்கள். மரத்தை வெட்டிவிட்டுச் செடி வைப்பது எதற்கு என்று சிரிப்போடு கேட்க வைக்கிறார் சு.ரா. அப்புறம் கடைகள், வியாபாரப் போட்டி, நகரசபைத் தேர்தல், பத்திரிகை. மரத்தை வெட்டு என்று ஒரு கோஷ்டி, மரத்தையே சாமியாக்கிக் கும்பிட ஒரு கோஷ்டி. இரண்டு பேருக்கும் மரத்தின் மேல் அக்கறை கிடையாது. கடைசியில் மரம் விஷம் வைத்துக் கொல்லப்படுகிறது.

கவனித்தீர்களா? இந்த நாவலில் தானாக நடந்தது என்று எதுவுமே இல்லை. குளத்துக்கு ஒரு ராஜா, தோப்புக்கு ஒரு நகரசபை, மரத்துக்குக் கூலி வாங்கிய ஒரு கை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு ஆள் நிற்கிறான். அவனுக்கு ஒரு லாபக்கணக்கும் இருக்கிறது. அந்த ஊரில் யாராவது "காலம் மாறிப்போச்சு" என்று சொல்லியிருந்தால், சு.ரா. அந்த ஆளின் சட்டைப் பையைத்தான் முதலில் பார்த்திருப்பார் :-)

பன்கர்வாடி நேர் எதிர். பழைய அவுந்த் சமஸ்தானத்தில், வானம் பார்த்த பூமியில், ஆடு மேய்க்கும் தன்கர் ஜனங்களின் குக்கிராமம். அங்கே பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னப் பையன் வாத்தியாராக வருகிறான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே இல்லை, எல்லாம் ஆட்டுக்குப் பின்னால் போயிருக்கின்றன. ஊர்ப் பெரியவரான கார்பாரி அவனைத் தாங்கிக்கொள்கிறார், பிள்ளைகளை அனுப்ப வைக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக வாத்தியார் ஊரின் சகல காரியத்துக்கும் ஆளாகிவிடுகிறான். அவன் பேச்சைக் கேட்டு ஊரே சேர்ந்து ஒரு தாலிம் (நம்மூர்ப் பாஷையில் தேகப்பயிற்சிக் கூடம்) கட்டுகிறது. அதைத் திறந்துவைக்க ராஜாவே வருகிறார்.

இத்தோடு முடிந்திருந்தால் அது பாடப்புத்தகக் கதை. ஆனால் மழை பொய்க்கிறது. ஆடுகள் சாகின்றன. ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டிக் கிளம்புகிறது. கடைசியில் வாத்தியாரும் கிளம்புகிறான். யார் மேல் பழி போடுவது? யார் மேலும் இல்லை. வானத்தைத் திட்டலாம், அவ்வளவுதான்.

ஆக ஒரு நாவலில் மாற்றத்தை மனிதர்கள் செய்கிறார்கள், மரம் சாகிறது, ஊர் நிற்கிறது. மற்றதில் மாற்றம் வந்து விழுகிறது, மனிதர்கள் போகிறார்கள், ஊரே காலியாகிறது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். வெளியூரில் பிழைக்கும் நாம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதெல்லாம் பன்கர்வாடி கதைதான். ஊரில் வேலை இல்லை, பஞ்சம் மாதிரி அது துரத்தியது, வந்துவிட்டோம். அது பொய் இல்லை. ஆனால் வந்து சேர்ந்த இடத்தில் நாம் எந்தக் கதையில் இருக்கிறோம் என்று கேட்டால், புளியமர ஜங்ஷனில்தான் இருக்கிறோம்.

நான் இருக்கும் லோஹேகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கேட்டால் ஏர்போர்ட் என்பார்கள். 1939-ல் பிரிட்டிஷ்காரன் போட்ட விமானதளம் அது. இன்றைக்கும் விமானப்படைத் தளம்தான், ஓரமாக நாம் ஏறி இறங்கும் விமான நிலையம். ஆனால் வார்கரிகளுக்கு லோஹேகாவ் என்றால் துகாராம் மகாராஜின் தாய்வீட்டு ஊர், அவர் வந்து கீர்த்தனை செய்த ஊர். 2017-ல் இதை முழுதாக புனே மாநகராட்சிக்குள் சேர்த்தார்கள். விமான் நகர், கராடி பக்கம் ஐ.டி. கம்பெனிகள் வந்ததும் வயல் இருந்த இடமெல்லாம் சொசைட்டிகள் ஆயின. கோடை வந்தால் டேங்கர் லாரிகள் வரிசை கட்டுகின்றன.

அந்த டேங்கரைப் பார்க்கும்போதுதான் இரண்டு நாவலும் ஒன்றாகச் சேர்கின்றன. தண்ணீர் இல்லை, அது பன்கர்வாடி. ஆனால் குழாய் வருவதற்கு முன்னாலேயே கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது ஒரு ஆள், கட்டினது ஒரு ஆள், வாங்கினது ஒரு ஆள். அது புளியமரம். அந்த மூன்றாவது ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர் விவசாயியும் நல்ல விலைக்கு நிலத்தை விற்றார்தானே என்று கேட்பீர்கள். விற்றார், அவர் பங்கும் கணக்கில் உண்டு. ஆனால் அவர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கீழே போனால் "காலம் மாறிப்போச்சு" என்று நாம் அவருக்கு ஆறுதல் சொல்வது நியாயமா? நம்மூர் வாய்க்காலைத் தூர்த்தவன் நம்மிடம் அப்படிச் சொன்னால் சும்மா இருப்போமா?

எது சிறந்த நாவல் என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஆனால் எது சரி என்று கேட்டால் என் பதில் இதுதான். மாற்றம் எப்படி வருகிறது என்பதில் சு.ரா. சொன்னதே சரி. மாற்றத்தோடு வந்து சேரும் வெளியாள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் மாட்கூள்கர் சொன்னதே சரி.

காரணம் சொல்கிறேன். பன்கர்வாடி வாத்தியாரும் நம்மைப்போல வேலைக்கு வந்த வெளியாள்தான். ஊரை மாற்றத்தான் அவனும் வந்தான். ஆனால் கார்பாரியிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்யவில்லை. ஊர்ச் சண்டை, ஊர்க் கஷ்டம் எல்லாவற்றிலும் நின்றான். ஒற்றை மாட்டோடு தவித்த சேகுவுக்காக அவன் பெண்டாட்டியே நுகத்தடியில் தோள் கொடுத்து ஏர் இழுக்கிறாளே, அந்த ஊர்க் கஷ்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அவன் கட்டியது நிலைக்கவில்லை, சரி. ஆனால் அந்தத் தாலிமை ஊரார் தங்களுடையது என்று நினைத்தார்கள். புளியமர ஊரில் அத்தனை பேரும் உள்ளூர்க்காரர்கள், பூங்காவைப் பற்றி ஆசானிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறந்த ஊர் என்பதால் மட்டும் ஒருவன் ஊர்க்காரன் ஆகிவிடுவதில்லை, வந்தேறி என்பதால் மட்டும் அந்நியனும் ஆகிவிடுவதில்லை.

இதில் நமக்கு வேலை இருக்கிறது, பெரிய புரட்சி எல்லாம் வேண்டாம். சொசைட்டி மீட்டிங்கில் மழைநீர் சேகரிப்புப் பேச்சு வந்தால் தூங்காமல் கையைத் தூக்குவது. வார்டு தேர்தலில் இங்கேயே பெயரைப் பதிந்து ஓட்டுப் போடுவது. காய்கறி பேரத்துக்கு மட்டும் இல்லாமல், ஒரு ஆஜோபாவிடம் உட்கார்ந்து கதை கேட்கிற அளவுக்கு மராத்தி கற்றுக்கொள்வது. இந்தச் சொசைட்டி வருவதற்கு முன் இங்கே என்ன விளைந்தது, கிணறு எங்கே இருந்தது, பால்கி எந்த வழியாகப் போனது என்று அவர் சொல்வார். லோஹேகாவிலும் ஆசான்கள் இருக்கிறார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னால் ஒரு நாள் அவர்கள் இன்னொரு ஊரில் உட்கார்ந்து "எங்க ஊர் முன்ன மாதிரி இல்ல" என்று புலம்பப்போவது, நம்முடைய திருநெல்வேலியையோ தஞ்சாவூரையோ நினைத்து அல்ல. இந்த லோஹேகாவை நினைத்துத்தான்.