விசாரிக்குமுன் தீர்ப்பா?



முதலாம் உலகப் போர் 1918இல் முடிவுற்றது. ஆயினும் அமெரிக்க மக்களின் உள்ளங்களில் அமைதி திரும்பவில்லை. 1919இல் வேலைநிறுத்தங்கள் நாடெங்கும் பரவின. ஜூன் மாதத்தில் எட்டு நகரங்களில் குண்டுகள் வெடித்தன. சட்டமா அதிபர் பாமரின் இல்லமும் சேதமுற்றது. மக்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்த அச்சம் குற்றவாளியைத் தேடுவதோடு நிற்காமல், குடியேறி வந்த ஏழைத் தொழிலாளரையெல்லாம் ஐயுற்றது. 1920 ஜனவரியில் 30க்கும் மேற்பட்ட நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் கைதாகினர். பலர் பிடியாணையின்றியே பிடிக்கப்பட்டனர்.

அவர்களை நாடுகடத்தும் அதிகாரம் தொழில் திணைக்களத்திடம் இருந்தது. அதன் பதில் செயலாளர் லூயிஸ் போஸ்ட் ஒவ்வொருவருடைய கோவையையும் தனித்தனியே ஆராய்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆணைகளை இரத்துச் செய்தார். தீவிரவாதிகளுக்குத் துணைபோகிறார் என்று அவர்மீதே பழி சுமத்தினர், பதவிநீக்கவும் முயன்றனர். காங்கிரஸ் குழுவின்முன் அவர் நிமிர்ந்து நின்று விளக்கமளித்தார், அம்முயற்சி தோற்றது. மே முதலாம் நாள் புரட்சி வெடிக்கும் என்ற பாமரின் எச்சரிக்கையும் பொய்த்தது.

ஒருவரை விசாரியாமலே தீர்ப்பிடுவது முறையா என்று ஆண்டவர் இயேசுவுக்காகக் கேட்டவர் நிக்கதேம். உடனே அவரையும் கலிலேயரோடு சேர்த்து ஏளனம் செய்தனர். நீதியைக் கேட்பவருக்கு என்றும் இதுவே நேர்கிறது. அதற்கு அஞ்சி நாமும் வாய்மூடி இருந்தால், அந்நியருக்காக யார் பேசுவார்?

"அவர்கள் எல்லாரும் அப்படித்தான்" என்ற பேச்சு நம் வீட்டில் எழும்போது, "இவர் என்ன செய்தார்?" என்று பிள்ளைகள் முன்னிலையில் கேட்கும் துணிவை இறைவனிடம் வேண்டுவோம்.