பட்ஜெட்டில் பால்வெளி!

"நட்சத்திரத்தை போட்டோ எடுக்கணும் சார்... கேமராவுக்கு லோன் போடட்டுமா?" என்றார் பக்கத்து சீட் நண்பர்.

சுவாமி, முதலில் ஆடாத டிரைபாட் வாங்கும்! ஷட்டர் திறந்திருக்கையில் அது நடுங்கினால், லட்ச ரூபாய் கேமராவிலும் நட்சத்திரம் புழுவாகத்தான் நெளியும். கேமராவுக்கு செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆர்., கூடவே வரும் 18-55 லென்ஸ் போதும்.

பூமி சும்மா இருக்காதே! அதற்கொரு கணக்கு (பி.காம். புத்தி!): 500-ஐ 18-ஆல் வகுத்து, சின்ன சென்சாருக்காக மறுபடி 1.5-ஆல் வகுத்தால் சுமார் 18 செகண்ட். அதைத் தாண்டினால் புள்ளியெல்லாம் கோடு.

மிச்சக் காசில் ஜவ்வாது மலைக்கு பஸ் ஏறுங்கள். வைணு பாப்பு காவலூரில் அப்சர்வேட்டரி வைத்தது அந்த இருட்டுக்காகத்தான். மார்ச் அமாவாசை, விடியற்காலை 4 மணி உத்தமம். அமாவாசை ராத்திரியில் மலைக்குக் கிளம்பினால் வீட்டில் மந்திரவாதி என்று சந்தேகப்படுவார்கள். டிரைபாடைக் காட்டிச் சமாளியுங்கள்!