காலாவதியாகாத வினா

சட்டசபையின் ஆயுள் தீர்ந்ததும் அதன் தேர்தலைப் பற்றிய வழக்கும் உயிரற்றதாகிவிடுகிறது என்றும், வென்றவர் பதவியை அனுபவித்து முடித்தபின் தீர்ப்பளிப்பது நியாயஸ்தலத்தின் பொழுதை வீணாக்குவதே என்றும் கற்றவரும் மற்றவரும் ஒருங்கே நம்பி வருகிறார்கள். விவேகம் போலத் தோன்றும் இந்த நம்பிக்கை பிரஜைகளின் உரிமைக்குப் பெருங்கேடு என்பதே என் திடமான அபிப்பிராயம்.

நாமக்கல் தொகுதியில் நியமனப் பத்திரம் நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமியின் வழக்கில், தேர்தல் நடக்கும்போது கோர்ட்டுகள் குறுக்கிடலாகாது, குறை எதுவாயினும் தேர்தல் முடிந்தபின் மனுவாகவே வரவேண்டும் என்று, அரசியல் சாசனத்தின் 329-ஆம் ஷரத்தைக் கொண்டு 1952 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்மானித்தது. தேர்தல் தடையின்றி நடந்தேற வேண்டுமென்ற அந்நோக்கத்தை நான் குறை கூறேன். ஆனால், முன்னே வந்தவனைப் பொறுத்திரு என்று திருப்பியனுப்பிய அதே நீதி, பொறுத்திருந்து வந்தவனிடம் காலம் கடந்துவிட்டது என்று சொல்லுமானால், அவன் எந்த வேளையில்தான் வருவது? விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்க முயலவேண்டுமென மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் விதித்திருந்தும், வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன.

ராதாபுரம் சட்டசபைத் தொகுதியைப் பாருங்கள். 2016-இல் 49 ஓட்டு வித்தியாசத்தில் அங்கே முடிவு அறிவிக்கப்பட்டது. தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் ஓட்டுகள் செல்லாதவையெனத் தள்ளப்பட்டிருந்தன. 2019 அக்டோபரில் ஹைகோர்ட் ஆணைப்படி மறுபடி எண்ணியும், அதன் முடிவை வெளியிடச் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தபடியால், 2021-இல் அந்தச் சபையின் ஆயுள் தீரும்போதும் மக்கள் அதை அறியவில்லை. பதவிக்காலம் போயிற்று என்பது மெய்யே. ஆனால் தலைமையாசிரியரின் கையொப்பம் செல்லுமா என்ற வினா அதனோடு போய்விடுமா? தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் சான்றொப்பமிட்ட தபால் ஓட்டுப் படிவத்தையே அல்லவா நீட்டுகிறார்கள்?

லஞ்சம் முதலிய முறைகேடுகள் சாட்டப்பட்ட மனு, சபை கலைந்தாலும் சாவதில்லை என்று 1969-லேயே நம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. குற்றம் நிரூபணமானால் அபேட்சகரின் வருங்காலத் தகுதியே பாதிக்கப்படும் என்பது காரணம். அபேட்சகரின் வருங்காலத்துக்குக் காட்டிய கரிசனத்தை வாக்காளரின் வருங்காலத்துக்குக் காட்டலாகாதா? அதே 1969-இல், இல்லினாய் மாகாணத்தின் நியமன விதிகளை எதிர்த்த வழக்கில், 1968 தேர்தல் முடிந்துவிட்டதென்று அதிகாரிகள் வாதித்தும், விதி நீடிக்கும்வரை அதன் பாரமும் நீடிக்கும் என்று கண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்விதிகளையும் ரத்துச் செய்தது. நாற்காலி யாருக்கு என்ற தகராறு தீர்ந்தாலும், அடுத்த தேர்தலிலும் எழக்கூடிய வினாவுக்கு விடையெழுதாமல் எந்தத் தேர்தல் மனுவையும் முடித்துவைக்கலாகாது என்று நம் சட்டத்திலேயே விதி செய்யவேண்டும்.