அடியொளி

கைவிளக்கு வாங்குவோர் அதன் உச்ச ஒளியையே விசாரிக்கின்றனர், அடியொளியைக் கேட்பாரில்லை. இருளுக்குக் கண் முழுதாய்ப் பழக அரைமணி நேரம் வேண்டும். நள்ளிரவில் நோயாளிக்கு மருந்தெடுக்க ஏற்றும் விளக்கு அதை நொடியில் குலைத்துவிடுகிறது, உறங்குபவரையும் எழுப்பிவிடுகிறது.

'ஆண்டுரில் 2' என்னும் திறமூல நிரல் (டோல்கீன் கதையில் வரும் வாளின் பெயர்!) இயங்கும் விளக்குகளில் இதற்கு வழியுண்டு. மேம்பட்ட முறைமையில், விளக்கு எரிகையில் ஆறுமுறை சொடுக்கி, ஏழாவதை அழுத்திப் பிடித்து, முதல் சிமிட்டல் கண்டதும் விடவேண்டும். ஒளி படபடக்கையில் ஒருமுறை சொடுக்கினால், 150 படிகளில் முதற்படியே அடியொளியாகும்.

ஒற்றைப் பொத்தானில் இவ்வளவையும் திணித்தது கொடுமைதான். ஆயினும் இதைப் பொறியியல் பித்தரின் விளையாட்டென ஒதுக்குவது நமக்கு உடன்பாடன்று. பத்து நிமிடப் பயிற்சி போதும். அதன்பின், அணைந்திருக்கும் விளக்கை அழுத்திப் பிடித்தால் மருந்துச்சீட்டு தெரியுமளவு மினுக்கொளியே முதலில் வரும்.